மழைக்கு முன் வரும் மண்டையிடி

அன்புள்ள யாழினி,

மழை வருவதற்கு முதல் நாளே ஒற்றைத் தலைவலி வந்துவிடுகிறது, வீட்டில் யாரும் நம்பவில்லை என்று எழுதியிருந்தாய். நீ சொல்வது கற்பனையல்ல. ஆனால் அதில் பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். வானிலை சிலருக்குத் தலைவலியைத் தூண்டுகிறது. தனியாக நின்று தூண்டுவது அரிது. அதற்குக் கூட்டாளிகள் உண்டு. வானத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது, கூட்டாளிகளைப் பிடிக்கலாம்.

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள். ஜப்பானின் உட்சுனோமியாவில் குறிப்பேடு எழுதிவந்த 28 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. காற்றழுத்தம் 5 மில்லிபாருக்கு மேல் இறங்கும்போது அவர்களுக்குத் தலைவலி கூடுதலாக வந்திருந்தது. அமெரிக்காவின் பாஸ்டனில், தலைவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த ஏழாயிரம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது வெப்பமே தெளிவாக முன்னால் நின்றது: 5 டிகிரி ஏறினால் அடுத்த 24 மணி நேரத்தில் அப்படி வரும் வாய்ப்பு 7.5 சதவீதம் கூடியது. வியன்னாவில் 238 பேரின் குறிப்பேடுகளைப் பார்த்தவர்களோ, வானிலையின் பங்கு மிகச் சிறியது, அதுவும் ஐயத்துக்குரியது என்றார்கள். முரண்போலத் தோன்றும் இதற்கு விளக்கம் எளியது. பலரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், வானிலை உண்மையாகவே பாதிக்கும் சிலர் கூட்டத்தில் காணாமல் போகிறார்கள். 2004இல் வெளியான இன்னோர் ஆய்வில் 77 பேரில் 48 பேர் தங்களை வானிலை பாதிப்பதாக நம்பினார்கள். பதிவுகளோடு ஒப்பிட்டதில் 39 பேருக்குத்தான் தொடர்பு தெரிந்தது. வானிலை அல்லாத தூண்டுதல்களில், நம் ஊர்ப் பெண்கள் நன்றாக அறிந்த ஒன்று மேல்நாட்டுப் பட்டியல்களில் கண்ணில் படுவதே இல்லை: தலைக்குக் குளிப்பது. மும்பை மருத்துவர் ரவிசங்கர் 1,500 நோயாளிகளில் 94 பேரிடம் அதைக் கண்டு 2006இல் எழுதினார்.

"என் உடம்பு எனக்குத் தெரியாதா?" என்று நீ கேட்கலாம். தெரியும், ஆனால் நினைவு நடுநிலையானதல்ல. மேகம் கூடித் தலை வலித்த நாள் மனதில் நிற்கும், மேகம் கூடியும் வலிக்காத நாள் நிற்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. வலி தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒருநாள் முன்பே, மூளையில் மாற்றம் தொடங்கிவிடுகிறது. கொட்டாவி, கழுத்து இறுக்கம், இனிப்பின்மேல் ஆசை, வெளிச்சத்தைக் கண்டால் எரிச்சல் எல்லாம் அப்போதே வரும். அன்று வெயிலில் கண் கூசியதால் வலி வந்ததா, வலி வரவிருந்ததால் கண் கூசியதா என்று உள்ளிருந்து பிரித்தறிவது கடினம்.

காற்றழுத்தம்தான் காரணம் என்போருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில், வானம் தெளிவாக இருந்தாலும், காற்றழுத்தம் நாளுக்கு இரண்டு முறை சில மில்லிபார் ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியளவில் உச்சம், மாலை நான்கு மணியளவில் தாழ்வு. கொடைக்கானலுக்குப் பேருந்தில் ஏறினால் 200 மில்லிபாருக்கு மேல் குறைந்துவிடும். அழுத்தக் குறைவு மட்டுமே போதுமென்றால் மலைப்பாதையில் எல்லா ஒற்றைத் தலைவலிக்காரர்களும் தலையைப் பிடித்துக்கொண்டல்லவா உட்கார வேண்டும்? ஆகவே மழைக்கு முந்தைய நாளை முழுதாகப் பார். புழுக்கத்தில் தூக்கம் கெடுகிறது, வியர்வையில் நீர் போகிறது, பசி மந்தமாகிச் சாப்பாடு தள்ளிப்போகிறது. கத்திரி வெயிலில் இவை மூன்றும் வாரக்கணக்கில் தொடர்கின்றன. ஒற்றைத் தலைவலிக்கு ஆளாகும் மூளை எந்தத் திடீர் மாற்றத்தையும் சகிப்பதில்லை. தேர்வுப் பதற்றமோ மாதவிடாயோ அதே நாளில் சேர்ந்தால் தாக்குதலுக்கு வழி திறந்துவிடுகிறது.

எனவே மூன்று மாதம் குறிப்பேடு எழுது. தூக்கம், உணவு நேரம், மாதவிடாய், வலி, சாப்பிட்ட மாத்திரை, இவை போதும். வானிலையை மட்டும் எழுதாதே. எழுதினால் அதையே தேடுவாய். மாதக் கடைசியில் வானிலை மையத்தின் பதிவுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடு. தொடர்பு தெரிந்தால் முன்னறிவிப்பு உனக்குப் பயன்படும்: தாழ்வு மண்டலம் என்றோ கடும் வெப்பம் என்றோ சொன்ன நாட்களில் இரவு கண்விழிக்காதே, காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதே, மோரோ தண்ணீரோ கையோடு வைத்துக்கொள், வெளியே போனால் குடையும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். காப்பியை வழக்கமான அளவைவிடக் கூட்டவும் வேண்டாம், திடீரென நிறுத்தவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்குவதும் இந்த மூளைக்கு ஒரு வானிலை மாற்றம்தான்.

"மாத்திரை போட்டால் முடிந்தது, இவ்வளவு பாடு எதற்கு?" என்பார்கள். மருத்துவர் தந்த மாத்திரையை வலி இலேசாக இருக்கும்போதே போடுவது சரி. ஆனால் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகையையோ கலவை மாத்திரைகளையோ 10 நாளும் மாதக்கணக்கில் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அடிக்கடி வருபவர்களுக்கு, வராமல் தடுக்கவென்றே ப்ரோப்ரனோலால் போன்ற மருந்துகள் இருக்கின்றன. குறிப்பேட்டோடு போனால் மருத்துவர் முடிவெடுப்பது எளிது. ஒன்றை மட்டும் வானிலைமேல் போட்டுவிடாதே: இதுவரை அறியாத கடுமையில் திடீரென வெடிக்கும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, கை கால் தளர்வோடோ பேச்சுக் குழறலோடோ வரும் வலி. அவற்றுக்கு அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அன்புடன்,
உன் பெரியப்பா