லேப்டாப்புக்கும் வியர்க்கும்!

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். எங்கள் புதுவாயலில் மாசி மாதக் காலையில், வெளியே நிறுத்திய பைக் சீட்டைத் தொட்டால் கை நனைந்துவிடும். மழையும் பெய்திருக்காது, யாரும் தண்ணீரும் ஊற்றியிருக்க மாட்டார்கள். அதே ஈரம் உங்கள் லேப்டாப் மீதும் படியும். புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என்ன நடந்தது?

எனக்கு ஹைதராபாத்தில் வேலை. ஊருக்கு வரும்போது சென்னை செல்லும் இரவு ஏசி பஸ்ஸில் ஏறி, விடியற்காலையில் புதுவாயல் ஹைவேயில் இறங்கிக்கொள்வேன். ஒரு மாசி மாதம் அப்படித்தான் வந்தேன். லேப்டாப் பை இரவு முழுவதும் ஏசி காற்றுக்கு நேராக இருந்தது. வீட்டில் குளிருக்காக ஜன்னல்களைச் சாத்திவிட்டு, அம்மா இட்லி அவித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அப்பா திதிடா. மகாபலிபுரத்தில் எடுத்த அந்தப் படத்தைக் காட்டு" என்றார். சமையலறையிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். மூடி ஈரமாக இருந்தது. சட்டையால் துடைத்துவிட்டு ஆன் செய்தேன். திரையில் கோடுகள் ஓடின, அணைந்தது. பிறகு எழவே இல்லை. போர்டில் ஈரம் பட்டு ஷார்ட் ஆகிவிட்டது என்றார் சர்வீஸ் செய்பவர்.

ஏன் வியர்க்கிறது?

ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். அதன் வெளிப்புறத்தில் துளிகள் அரும்பும். அது பாட்டிலுக்குள் இருந்து கசிந்த தண்ணீர் அல்ல. காற்றில் இருந்த நீராவி. உதாரணமாக, காற்று 28 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் கொண்டிருந்தால், சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள் மீதும் நீர் படியும். இந்த அளவைப் 'பனிநிலை' என்கிறோம். இட்லிப் பானையின் ஆவி சேர்ந்தால் பனிநிலை இன்னும் உயரும். ஏசியில் குளிர்ந்த லேப்டாப் அங்கே அந்த பாட்டிலைப் போலத்தான். மூடியைத் துடைத்துவிடலாம், உள்ளே போர்டில் படிந்ததை எப்படித் துடைப்பது?

இது புதிய பிரச்சினை அல்ல. அந்தக் கால விசிஆர், வீடியோ கேமராக்கள் சிலவற்றில் இதற்கென்றே ஒரு சென்சார் இருந்தது. ஈரம் காயும்வரை அவை ஓட மறுத்துவிடும். நம் லேப்டாப் அப்படி மறுப்பதில்லை. நாம்தான் பொறுக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

1. ஏசி பஸ், கார், ஆபீஸில் இருந்து வந்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது மூடிய பையிலேயே இருக்கட்டும். ஈரம் பையின் மேல் படியும். லேப்டாப் மெதுவாக அறை வெப்பத்துக்கு வந்துவிடும்.

2. சமையலறையிலும், குளியலறைப் பக்கத்திலும் திறக்காதீர்கள்.

3. ஈரம் தெரிந்தால் ஆன் செய்யாதீர்கள், சார்ஜரையும் சொருகாதீர்கள். ஃபேன் காற்றில் ஒரு நாள் காயவிடுங்கள்.

4. ஹேர் டிரையர் வேண்டாம். போன் நனைந்தால் அரிசியில் புதைப்பதும் வேண்டாம். அரிசித் துகள்கள் உள்ளே போய்ப் பழுதாக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-ல் சொல்லிவிட்டது.

5. ஏசியை 18 டிகிரியில் வைக்காதீர்கள். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. மின்சாரமும் மிச்சம், வியர்வையும் குறைவு.

முக்கியமான ஆறாவது

என் லேப்டாப்பில் எஸ்எஸ்டி தனியாகக் கழற்றும் வகை. அதை வேறு கம்ப்யூட்டரில் இணைத்துப் படங்களை மீட்டோம். போர்டிலேயே பதித்த வகையாக இருந்திருந்தால் அப்பாவின் படங்களை மீட்பது பெரும்பாடாகியிருக்கும். மீளாமலே போயிருக்கவும் கூடும். போர்டைப் புதிதாகப் போடலாம். அப்பாவை இன்னொரு முறை மகாபலிபுரத்தில் நிறுத்திப் படம் எடுக்க முடியுமா?

ஆகவே இன்றே ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை இணையுங்கள். படங்கள் உள்ள போல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி கொடுத்து, அந்த டிஸ்க்கில் பேஸ்ட் செய்யுங்கள். ஒன்றிரண்டு படங்களைத் திறந்து சரிபாருங்கள். டிஸ்க்கை லேப்டாப் பையில் வைக்காமல் பீரோவில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது இப்போது அம்மாவின் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.