விளையாட்டுப் பணமும் குடிநீர்க் குழாயும்

கேள்வி: எங்கள் தொழிற்பேட்டையை ஒட்டிய அரசு ஆரம்பப் பாடசாலையில் என் மகள் படிக்கிறாள். மைதானம் இல்லாத அந்தப் பள்ளிக்கு விளையாட்டு மானியம் வந்திருக்கிறது. குடிநீர்க் குழாயோ உடைந்து கிடக்கிறது. அந்தப் பணத்தில் குழாயைச் சரிசெய்யலாமே என்றால், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டிவரும் என்கிறார் தலைமையாசிரியர். மத்திய அரசின் கல்வி நிதியை உள்ளூர்த் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள விதிவிலக்கே கிடையாதா?
- ஒரு தந்தை, ஜீடிமெட்லா, ஹைதராபாத்

பதில்: தலைமையாசிரியரின் அச்சம் நியாயமானதே. மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஆரம்பப் பள்ளிக்கு ஆண்டுதோறும் 5,000 ரூபாய் என்று வகுத்திருக்கும் விளையாட்டு மானியத்தை வேறு தலைப்புக்கு மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. மைதானமில்லாவிட்டால் கேரம் பலகையும் ஸ்கிப்பிங் கயிறும் வாங்கிக் கணக்கை முடிப்பதே உத்தமம்.

ஆனால் தங்கள் குழாய்க்கு விதிவிலக்கே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். சர்வ சிக்ஷா அபியானையும், இடைநிலைக் கல்வித் திட்டத்தையும், ஆசிரியர் பயிற்சித் திட்டத்தையும் 2018இல் சமக்ர சிக்ஷா என்று ஒன்றாக இணைத்தபோது, முன்னர் பள்ளி மானியம் என்றும் பராமரிப்பு மானியம் என்றும் சில்லறை சில்லறையாக வந்துகொண்டிருந்த தொகைகளையும் சேர்த்து, நூறு பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு 25,000, இருநூற்றைம்பது வரை 50,000, ஆயிரம் வரை 75,000 ரூபாய் என ஒருங்கிணைந்த பள்ளி மானியமாக்கினார்கள். மின்கட்டணம், தண்ணீர், சிறு பழுது, கழிப்பறைப் பராமரிப்பு ஆகிய யாவும் இதில் அடக்கம். பத்தில் ஒரு பங்கையாவது சுகாதாரத்துக்குச் செலவிட்டே தீரவேண்டும் என்பது நிபந்தனை. ரசாயன ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட ஜீடிமெட்லாவில் குடிநீரைவிட அவசியமான சுகாதாரச் செலவு வேறென்ன?

தாங்கள் கேட்கும் விதிவிலக்கும் இல்லாமலில்லை. மத்திய நிதியமைச்சகம் 2014இல் மத்திய உதவித் திட்டங்களில் பத்து சதவிகிதத்தை நெகிழ்வு நிதியாக ஒதுக்கி, 2016இல் அதை மாநிலங்களுக்கு இருபத்தைந்து சதவிகிதமாக உயர்த்தியது. திட்டத்தின் நோக்கத்துக்குட்பட்ட உள்ளூர்த் தேவை, புதுமுயற்சி, இயற்கைச் சீற்றத்தின் நிவாரணம் ஆகியவற்றுக்கு அதைச் செலவிடலாம். அலுவலகத்துக்கு வாகனம் வாங்கக் கூடாது. (இதை எழுதி வைக்கவேண்டிய அவசியம் நேர்ந்ததே சுவாரசியமான விஷயம்.) குறை என்னவெனில், இந்தச் சுதந்திரம் மாநிலத் தலைநகரோடு நின்றுவிடுகிறது, ஜில்லாவுக்கோ பள்ளிக்கோ இறங்கி வருவதில்லை.

அமெரிக்காவில் ஒரு சந்தர்ப்பத்தில் அது இறங்கி வந்தது. 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் கணிதத்திலும் வாசிப்பிலும் தேர்ச்சி பெற்றாகவேண்டும் என்ற அசாத்தியமான சட்டத்திலிருந்து மாநிலங்களுக்கு ஒபாமா அரசு 2011 முதல் விலக்களித்தது. கலிபோர்னியாவுக்கு அது கிட்டாதபோது, 2013இல் லாஸ் ஏஞ்சல்ஸ் உள்ளிட்ட அதன் எட்டுப் பள்ளி மாவட்டங்கள் நேரடியாகவே பெற்றுக்கொண்டன. ஆனால் ஆசிரியர் மதிப்பீட்டு முறையை மாற்றவேண்டும் என்பன போன்ற நிர்ப்பந்தங்களும் உடன்வந்தன. நம் நாட்டிலும் மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத தமிழ்நாட்டுக்கு 2024-25ஆம் ஆண்டின் சமக்ர சிக்ஷா தொகை ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டு, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றதைத் தாங்கள் அறிவீர்கள்.

ஆகவே, விலக்கு கேட்டு மனுப் போடுவதைவிட, திட்டத்திலேயே இடம்பிடிப்பது பிரயோஜனமானது. தெலங்கானாவில் 2024இல் அமைக்கப்பட்ட அம்மா ஆதர்ச பாடசாலைக் குழு, சுய உதவிக்குழுத் தாய்மார்களை முன்னிறுத்தி, குடிநீர், கழிப்பறை முதலிய வேலைகளைக் கவனிக்கிறது. அதன் கூட்டத்தில் தங்கள் மனைவியார் பிரஸ்தாபித்தால் தங்கள் கடிதத்தைவிட அதிகம் செல்லுபடியாகும். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, பழுதுக்கான மதிப்பீட்டையும் இணைத்து, ஒருங்கிணைந்த மானியத்தில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அது போதாதென்றால், கல்வியுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி தயாரிக்கவேண்டிய பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் அந்தக் குழாயை எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். மாநிலத்தின் வருடாந்தரத் திட்டம் டில்லிக்குப் போகுமுன் பள்ளியின் திட்டம் மண்டலக் கல்வி அலுவலகத்தை எட்டியிருக்க வேண்டும்.