தரைதட்டும் கலங்கள்

ஆழ்கடலே கலங்களுக்கு அச்சம் தருவது என்பது பொதுவான எண்ணம். ஆயினும் ஆழமற்ற நீரே பல கலங்களுக்கு இறுதியிடமாக அமைகின்றது. கலத்தின் அடிப்பகுதி நிலத்திலோ பாறையிலோ சிக்கி நிற்பதைத் 'தரைதட்டுதல்' என்பர். கடலடிப் பாறைத்திட்டைப் 'பார்' என்பது மீனவர் வழக்கு.

பாய்மரப் படகு காற்றில் கவிழாதிருக்க, எடைமிக்க அடிக்கட்டை நீருள் ஆழ்ந்து நிற்கின்றது. ஆழ்கடலில் காக்கும் அக்கட்டையே ஆழமற்ற நீரில் முதலில் சிக்குகின்றது. ஆழம் குறையக் குறைய அலையின் விரைவு குறைந்து உயரம் மிகும். முடிவில் அலை உடைந்து விழும். ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஒரு டன்னுக்கும் சற்று மிகுதி. அத்தகைய நீர்த்திரள், சிக்கிய கலத்தை மீண்டும் மீண்டும் தூக்கித் தரையில் மோதுகின்றது.

2014 நவம்பர் 29 இரவு, உலகைச் சுற்றிவரும் வால்வோ பெருங்கடல் போட்டியில், கேப்டவுனிலிருந்து அபுதாபி நோக்கி விரைந்த 'டீம் வெஸ்டாஸ் விண்ட்' என்னும் படகு, மொரீசியசுக்கு வடகிழக்கே இந்தியப் பெருங்கடலிலுள்ள பவளப் பார்மீது மோதியது. சுக்கான்கள் முறிந்தன, பின்பகுதி சிதைந்தது. படகிலிருந்த ஒன்பதின்மரும் உயிர் தப்பினர்.

அந்தப் பார் எவரும் அறியாததன்று. மின்னணு வரைபடத்தைப் பெரிதாக்கி நோக்கினால் மட்டுமே அதன் இடர் தெளிவாகும், அவ்வாறு நோக்கப்படவில்லை.

கடலின் ஆற்றலை மனிதன் குறைத்தல் இயலாது. தன் கவனத்தை மிகுத்தல் இயலும். கருவி கையிலிருப்பது வேறு. அது காட்டுவதை முற்ற ஆராய்வது வேறு. இவ்வேறுபாட்டை மாணவர் உணர்தல் நன்று.