கழிவுநீரில் கரைந்த வெள்ளி

மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எலும்பு வெண்மையாகவும் அதனைச் சூழ்ந்த பகுதி கருமையாகவும் தோன்றும். அக்கருமை மையன்று, சாயமும் அன்று. அது வெள்ளி. கொலுசில் பளபளக்கும் அதே உலோகம், மிக நுண்ணிய துகளாகும்போது ஒளியை விழுங்கிக் கருமையாகக் காட்சியளிக்கிறது.

எக்ஸ்ரே படத்தின்மீது வெள்ளி புரோமைடு என்னும் உப்பு, ஜெலட்டின் பசையில் கலந்து பூசப்பட்டிருக்கும். கதிர் பட்ட உப்பை டெவலப்பர் என்னும் கரைசல் வெள்ளியாக மாற்றும். கதிர் படாத உப்பு அப்படியே எஞ்சும். அதனை நீக்காவிடில் படம் நாளடைவில் முழுவதும் கருத்துவிடும். அவ்வுப்பைக் கரைத்து நீக்குவதே ஹைப்போவின் வேலை. ஹைப்போ வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை 1819ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தவர் ஆங்கிலேய அறிஞர் ஜான் ஹெர்ஷல். ஒளிப்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல்தான்! வினா பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே விடை பிறந்துவிட்டது.

ஆகவே, பயன்படுத்திய ஹைப்போவில் ஒரு லிட்டருக்குச் சில கிராம் வெள்ளி கரைந்திருக்கும். உதகமண்டலத்தில் இந்திய அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, 'இந்து' என்னும் பெயரில் எக்ஸ்ரே படங்களை உருவாக்கி நாடெங்கும் அனுப்பிய காலம் ஒன்றுண்டு. நீலகிரியில் பூசப்பட்ட வெள்ளி, தொலைதூர நகரங்களின் இருட்டறைகளில் ஹைப்போவில் கரைந்தது.

இந்நீரைச் சாக்கடையில் ஊற்றினால் என்ன நேரும்? வெள்ளி அயனிகள் நுண்ணுயிர்களைக் கொல்லும் இயல்புடையவை, மீன்களுக்கும் நஞ்சானவை. கழிவுநீர்த் தூய்மை நிலையங்களில் அழுக்கை உண்டு நீரைத் தெளிவிப்பவை நுண்ணுயிர்களே. ஹைப்போவுடன் பிணைந்துள்ள வெள்ளியின் நச்சுத்தன்மை குறைவு என்பது உண்மை. எனினும் வெள்ளி மக்கி மறையும் பொருளன்று. அது சேற்றில் தங்கிவிடும்.

1984இல் போபாலில் நிகழ்ந்த நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின், 1986இல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு)ச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1989இல் தீங்கு விளைவிக்கும் கழிவுகளுக்கான விதிகள் தோன்றின. 2016இல் அவை புதிதாக வகுக்கப்பட்டன. குறித்த சோதனை முறையில், ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவை எட்டும் வெள்ளி கழிவில் இருப்பின், அது தீங்குடைய கழிவாகும். ஹைப்போவில் லிட்டருக்கு 5 கிராம் வெள்ளி இருப்பதாகக் கொண்டால், அது இவ்வளவைப் போல் ஆயிரம் மடங்கு! இத்தகைய கழிவை 90 நாள்களுக்கு மேல் தேக்கி வைத்தல் கூடாது. உரிய அனுமதி பெற்றவருக்கே அதனை அனுப்பவோ விற்கவோ வேண்டும்.

மருத்துவமனைகளுக்கு 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளும் உண்டு. அவை எக்ஸ்ரே படம் கழுவிய நீரை மஞ்சள் பிரிவில் வைக்கின்றன. அந்நீரைத் தனியே சேகரிக்க வேண்டும். வளத்தை மீட்க வேண்டும். முன்தூய்மை செய்ய வேண்டும். அதன் பின்னரே பிற கழிவுநீருடன் கலக்கலாம். இவ்வரிசை கருதத்தக்கது. முதலில் கலந்துவிட்டால், வெள்ளி பெருநீரில் நீர்த்துப்போகும், மீட்பதும் அரிதாகிவிடும்.

மீட்கும் முறைகளுள் இரண்டு எளியவை. எஃகு நார் நிரம்பிய கலத்தினூடே ஹைப்போவைச் செலுத்தினால், இரும்பு கரைந்து நீரில் கலக்கும். வெள்ளி வெளிப்பட்டுக் கலத்தில் தங்கும். செலவு குறைவு, ஆனால் கிடைக்கும் வெள்ளி சேறு போன்றது. மின்னாற்பகுப்பு முறையில் எதிர்மின்வாயில் தூய வெள்ளி படலமாகப் படியும். வெள்ளி குறைந்த நிலையில் மின்னோட்டம் மிகுந்தால், வெள்ளி சல்பைடு என்னும் கருங்கசடு உண்டாகும். எனவே முதலில் மின்னாற்பகுத்து, எஞ்சியதை எஃகு நாரில் பிடிப்பது நன்முறை.

பெரிய மருத்துவமனைக்கு இவை கடினமல்ல. ஓரறையில் இயங்கும் சிறு எக்ஸ்ரே நிலையத்தின் நிலை வேறு. வாரந்தோறும் கேனுடன் வரும் வணிகர் பணம் கொடுத்து ஹைப்போவையும் பழைய படங்களையும் வாங்கிச் செல்வார். அவர் அனுமதி பெற்றவரா என்று கேட்போர் சிலரே. அனுமதியற்ற பட்டறைகளில் பழைய படங்களைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைத்து வெள்ளியைப் பிரிப்பதுண்டு. கையுறையின்றி அதனைக் கிளறுபவரின் தோல் வெந்துபோகும். மிஞ்சிய நீர் தெருச் சாக்கடையில் ஓடும். வெள்ளி மீட்கப்பட்டது என்னவோ உண்மைதான். விதி காக்க எண்ணிய நீரும் மனிதரும் காக்கப்படவில்லை.

இன்று கணினித்திரையிலேயே எக்ஸ்ரே பார்க்கும் வழக்கம் பெருகியுள்ளது. படம் கழுவும் அறைகள் மூடப்படுகின்றன. எனினும் வீடுகளின் அலமாரிகளில் உறங்கும் பழைய படங்களில் வெள்ளி இன்னும் இருக்கிறது.

சொற்பொருள்
புலனாதல் – அறியப்படுதல். கசடு – அடியில் தங்கும் அழுக்கு. நீர்த்தல் – அடர்த்தி குறைதல். வகுத்தல் – முறைப்படுத்தி அமைத்தல்.

பயிற்சி
1. 'மையன்று' – பிரித்து எழுதுக.
2. எக்ஸ்ரே படத்தில் கருமை எவ்வாறு உண்டாகிறது?
3. 20 லிட்டர் ஹைப்போவில், லிட்டருக்கு 4 கிராம் வீதம் கரைந்துள்ள வெள்ளி எவ்வளவு?
4. சிறு எக்ஸ்ரே நிலைய உரிமையாளர், கழிவு வாங்க வரும் வணிகரிடம் கேட்க வேண்டிய மூன்று வினாக்களை எழுதுக.
5. வீட்டில் பழைய எக்ஸ்ரே படங்கள் எத்தனை உள்ளன என்பதைப் பெற்றோரிடம் தமிழில் கேட்டறிந்து, அவ்வுரையாடலை எழுத்து வழக்கில் எழுதுக.