பெரிசும் சிறிசும் - ஒரு பாடம்



அண்மையில் முசலிப் பக்கத்து மரமுந்திரிகைத் தோட்டமொன்றில் பட்ட கொப்புகளை விறகுக்கு வெட்டிக்கொண்டு நின்ற ஒரு அம்மாவோடு கதைத்தோம். "இந்தச் சின்னக் குருவிக்கு இருக்க வேறை இடமா இல்லை ஐயா?" எண்டு கேட்டா. அந்தக் கேள்விதான் இம்முறை எங்கள் பாடம்.

அவ காட்டியது மண்ணிறத் தலைச் சிறு மரங்கொத்தி. நீளம் 13 சென்ரிமீற்றர், நிறை ஏறத்தாழ 15 கிராம். இலங்கையைச் சுற்றியுள்ள கடலில் வாழும் நீலத் திமிங்கிலமோ 20 மீற்றருக்கு மேல் வளரும். அதன் நிறையை 100 தொன் எனக் கணக்கிட்டால், ஒரு திமிங்கிலத்துக்கு 66 இலட்சம் மரங்கொத்திகள் சமன்!

ஆனால் சாப்பாட்டைப் பாருங்கள். மரங்கொத்தி சின்னக் கொப்புகளைத் தட்டிப் பூச்சி புழுக்களைத் தின்னும். திமிங்கிலமும் விரலளவுகூட இல்லாத இறால் போன்ற உயிர்களையே வாய் நிறைய நீரோடு அள்ளி வடித்துத் தின்னும். இரண்டுக்கும் சூடான இரத்தம். இரண்டும் காற்றையே சுவாசிக்கும். ஒன்று முட்டையிடும், மற்றது குட்டி போட்டுப் பால் கொடுக்கும்.

பெரிசாய் இருந்தால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். 20ஆம் நூற்றாண்டில் மனிதர் 3 இலட்சத்துக்கும் அதிகமான நீலத் திமிங்கிலங்களைக் கொன்றார்கள். இரண்டு மூன்று வருசத்துக்கு ஒரு குட்டிதான் என்பதால் அழிந்த தொகை இலேசில் திரும்பாது. 1966இல் அவ்வேட்டை தடைசெய்யப்பட்டது. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயம் ஆனது. இன்று மிரிசைக்கு அப்பால் கப்பல் மோதியும் சாகின்றன. 2022இல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தெற்கே விலகி ஓடச் செய்தது. பாதையைக் கொஞ்சம் மாற்றினால் ஒரு உயிர் தப்பும்.

மரங்கொத்திக்கும் அதே கதைதான். அது பட்ட கொப்பைக் குடைந்துதான் கூடு வைக்கும். பச்சை மரம் எத்தனை நின்றாலும் அதற்கு வீடாகாது. அம்மாவின் கேள்விக்கு இதுதான் பதில்.

அடுப்பு எரியத்தான் வேணும். விறகு வெட்ட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கத்தியை ஓங்கமுன் ஒருக்கா அண்ணாந்து பாருங்கள். கொப்பில் சின்ன வட்டத் துவாரம் தெரிந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். கடற்கரைக்குப் போகும் பிள்ளைகளிடம் கிழிந்த வலையைக் கடலில் எறிய வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.