அலகே வழிகாட்டி

"வேதியியல் எனக்குப் பிடிக்கும், கணக்குத்தான் வராது." முதலாண்டு மாணவர் பலர் வாயிலிருந்து நாம் அடிக்கடி கேட்கும் சொல் இது. இதையே காரணமாகக் காட்டி அறிவியலைக் கைவிட எண்ணுவோரும் உண்டு. எல்லைக்கு அப்பால் தமிழ் வழியில் பயின்று இங்கு வந்து சேரும் நம்மவர்க்கு இத்துன்பம் இரு மடங்காகும். வகுப்பறையில் ஆங்கிலம், வெளியே மலையாளம், வினாத்தாளிலோ நீண்ட வாக்கியம். வினாவே விளங்காதபோது விடை எங்ஙனம் விளங்கும்?

என் பெற்றோர் பிழைப்பை நாடிக் குடியேறிய ஊர், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே உள்ள தனுவச்சபுரம். முதுகலை வேதியியல் பயிலும் நான், விடுமுறை நாள்களில் அங்குள்ள இளைஞர் சிலருக்குப் பாடம் சொல்லி வருகிறேன். அவர்களிடம் நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. குறை அவர்கள் அறிவில் இல்லை. எண்ணை எழுதும்போது அலகை விட்டுவிடும் பழக்கத்தில்தான் இருக்கிறது. அலகை உடன் எழுதினால் கணக்கு தானே வழிகாட்டும் என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் காண்போம்.

முன்னோர் போட்ட கணக்கு

திருவிதாங்கூர் தனி நாடாக இருந்த காலத்தில் அதற்கெனத் தனி நாணயம் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரமும் 8 காசும் மதிப்பு. அதாவது இருபத்தெட்டரைச் சக்கரம். திருநெல்வேலிச் சீமையோடு கொடுக்கல் வாங்கல் செய்த வணிகர் இரண்டு நாணயங்களையும் அறிந்திருக்க வேண்டும்.

12 பிரிட்டிஷ் ரூபாய்க்கு எத்தனை பணம்?

12 ரூபாய் × 28.5 சக்கரம்/ரூபாய் = 342 சக்கரம்
342 சக்கரம் × 1 பணம்/4 சக்கரம் = 85.5 பணம்

முதல் வரியில் மேலும் கீழும் நின்ற ரூபாய் நீங்கியது. இரண்டாம் வரியில் சக்கரம் நீங்கியது. நாம் வேண்டிய பணம் மட்டும் எஞ்சியது. நான்கால் பெருக்குவதா, வகுப்பதா என்ற ஐயம் எழுந்தால் பெருக்கிப் பாருங்கள். 1,368 என்று எண் வரும். அதன் அலகோ 'சக்கரம் × சக்கரம் / பணம்' என்று நிற்கும். அப்படி ஒரு பொருள் உலகில் இல்லை. எண் பொய் சொல்லலாம். அலகு உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

1956ஆம் ஆண்டு நமக்கு இரண்டு மாற்றங்களைக் கொணர்ந்தது. நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அவ்வாண்டிலேயே நாடு முழுவதும் மெட்ரிக் அளவைகளைக் கொணரும் சட்டமும் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா புழக்கத்திற்கு வந்தது. எல்லையும் மாறி, காசும் மாறி, எடைக்கல்லும் மாறிய நிலையில் நம் பாட்டன்மார் கணக்குத் தவறாமல் வாழ்ந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்பது பொருந்துமா?

ரப்பர் பாலும் அமிலப் புட்டியும்

எங்கள் பக்கத்தில் ரப்பர் வளர்ப்போர் பலர். பாலை அப்படியே விற்கும்போது விலை பாலுக்கு அன்று, அதிலுள்ள உலர்ந்த ரப்பருக்கே. அதன் சதவீதத்தைத்தான் டி.ஆர்.சி. என்பர். ஆய்வகத்தில் ஏறத்தாழ 10 கிராம் பாலை நிறுத்தெடுத்து, நீர்த்த அசெட்டிக் அமிலத்தால் உறைய வைத்து, மெல்லிய தகடாக அழுத்திக் கழுவி, 70 பாகை செல்சியசில் உலர்த்தி மீண்டும் நிறுப்பர். 10.00 கிராம் பாலில் 3.50 கிராம் ரப்பர் கிடைத்தால் டி.ஆர்.சி. 35 சதவீதம்.

ஒருவரிடம் 45 லிட்டர் பால் இருப்பதாகக் கொள்வோம். பாலின் அடர்த்தி ஏறத்தாழ 0.98 கிலோகிராம்/லிட்டர்.

45 லிட்டர் × 0.98 கிலோகிராம்/லிட்டர் = 44.1 கிலோகிராம் பால்
44.1 கிலோகிராம் பால் × 35 ரப்பர்/100 பால் = 15.435 கிலோகிராம் ரப்பர்

இனி ஆய்வகத்து அமிலப் புட்டியை நோக்குங்கள். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம்: 37 சதவீதம், அடர்த்தி 1.19 கிராம்/மில்லிலிட்டர். அதன் மோலார் செறிவு யாது? முதலாண்டினரை மிகவும் மிரட்டும் வினா இது.

1,000 மில்லிலிட்டர் × 1.19 கிராம்/மில்லிலிட்டர் = 1,190 கிராம் கரைசல்
1,190 கிராம் கரைசல் × 37 அமிலம்/100 கரைசல் = 440 கிராம் அமிலம்
440 கிராம் × 1 மோல்/36.5 கிராம் = 12 மோல்

ஒரு லிட்டரில் 12 மோல். எனவே செறிவு 12 மோலார். முதல் இரண்டு வரிகளை ரப்பர் கணக்கோடு ஒப்பிடுக. கன அளவிலிருந்து நிறை. நிறையிலிருந்து வேண்டிய பொருளின் நிறை. இரண்டும் ஒரே கணக்கன்றோ! மோலுக்கு மாற்றும் ஒரு படி மட்டுமே புதிது. வினா எம்மொழியில் இருந்தாலும் கிராம் கிராமே, லிட்டர் லிட்டரே. சொல் தடுமாறும்போது, கொடுத்த அலகு யாது, கேட்ட அலகு யாது என்று மட்டும் பாருங்கள்.

எத்தனை இலக்கம் எழுதலாம்?

மேலே 15.435 என்று வந்ததே, அத்தனை இலக்கமும் உண்மையா? வாளியால் அளந்த 45 லிட்டர், 44.5 ஆகவும் இருக்கலாம், 45.5 ஆகவும் இருக்கலாம். அப்போது ரப்பர் 15.3 முதல் 15.6 கிலோகிராம் வரை மாறும். ஆகவே கடைசி இரண்டு இலக்கங்களுக்குப் பொருளில்லை. 45இல் உள்ளவை இரண்டு இலக்கங்கள்; விடையிலும் 15 என்று இரண்டே இலக்கங்களை நம்பலாம்.

அப்படியாயின் அரைக் கிலோ வரை விற்பவர்க்கு நட்டமாகுமே என்பீர்கள். உண்மை. அதனால்தான் வாளியால் அளப்பதை விட்டுப் பாலைத் தராசில் நிறுக்க வேண்டும். கூடுதல் இலக்கம் வேண்டுமெனில் கணிப்பானைக் கேட்டுப் பயனில்லை. தராசைத்தான் கேட்க வேண்டும். ஆய்வில் 3.50 கிராமுக்குப் பதில் 3.40 கிராம் என்று பதிந்தால், அந்த ஒரு நாள் பாலில் மட்டும் 0.44 கிலோகிராம் ரப்பர் கணக்கில் மறைந்துவிடும். துல்லியம் என்பது தேர்வு மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. உழைப்பவர் கூலிக்கும் உரியது.

ஒரு விமானத்தின் கதை

1983 ஜூலை 23 அன்று, ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்று மான்ட்ரியாலிலிருந்து எட்மன்டனுக்குப் புறப்பட்டது. கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. எரிபொருள் மானி பழுதுற்றிருந்ததால் கையால் கணக்கிட்டனர். தேவை 22,300 கிலோகிராம். தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். லிட்டரைக் கிலோகிராமாக்க 0.803 என்ற எண்ணால் பெருக்கியிருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியதோ 1.77ஆல். அது ஒரு லிட்டர் எரிபொருளின் நிறையைப் பவுண்டில் தரும் எண்.

ஏறத்தாழ 20,000 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 5,000 லிட்டரும் நிரப்பவில்லை. நடுவானில் இயந்திரங்கள் இரண்டும் நின்றன. விமானிகளின் திறமையால் விமானம் கிம்லி என்னுமிடத்தில் பழைய படைத்தளம் ஒன்றில் சறுக்கி இறங்கியது. அதிலிருந்த 69 பேரும் உயிர் தப்பினர். அன்று பெருக்கலில் பிழையில்லை. 1.77 என்ற எண்ணின் பக்கத்தில் 'பவுண்டு/லிட்டர்' என்று எழுதி, கிலோகிராமோடு பொருந்துகிறதா என்று பார்த்திருந்தால் போதும்.

தோழர்களே, கொடுத்ததை அலகோடு எழுதுக. கேட்டதை அலகோடு எழுதுக. இடையில் நீங்க வேண்டிய அலகுகள் நீங்குமாறு படிகளை அமைத்துக்கொள்க. அளவைக் கருவி எத்தனை இலக்கம் காட்டியதோ அதற்கு ஏற்ப விடையை நிறுத்துக. வேதியியலின் தொடக்கக் கணக்குகளில் பெரும்பாலானவை இவ்வளவில் அடங்கும்.

பயிற்சிக்கு ஒரு கணக்கு: ஒரு பவன் 8.00 கிராம். 22 காரட் நகையில் 24 பங்கில் 22 பங்கு தங்கம். தங்கத்தின் அணு நிறை 197. ஒரு பவன் நகையில் எத்தனை மோல் தங்கம்? 0.0372 என்று வந்தால் உங்கள் வழி சரி. வராவிடில் எண்களைத் திருத்தும் முன் அலகுகளைச் சரிபார்க்கவும்.