காட்டுக்கு உரியவர் யார்?

(பி.எஸ்ஸி. தாவரவியல், இரண்டாம் ஆண்டு)

‘காட்டைக் காப்பது’ என்றவுடன் நம் மனத்தில் எழுவது என்ன? சுற்றிலும் வேலி, வாயிலில் காவலர், உள்ளே மனிதர் நுழையத் தடை. மனிதன் விலகி நின்றால் காடு தானே தழைக்கும் என்பது பலரது எண்ணம். இது முற்றிலும் சரியன்று என்பதை ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மழைக்காடுகள் உணர்த்துகின்றன.

குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இக்காடுகள், 1988-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. பூக்கும் தாவரங்களின் மிகத் தொன்மையான குடும்பங்கள் பல இங்கு இன்றும் வாழ்கின்றன. தாவரவியல் மாணவருக்கு இது ஒரு புதையல் எனலாம். ஆயினும் இது மனிதர் வாழாத காடு அன்று. ‘பாமா’ எனப்படும் பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இங்கு வாழ்ந்து வருகின்றனர்.

அவர்கள் காட்டைப் பேணிய கருவிகளுள் ஒன்று தீ! வியப்பாக இருக்கிறதா? மழைக்காட்டின் மேற்கு விளிம்பில் யூகலிப்டஸ் மரங்களும் புல்லும் கலந்த திறந்த காடு உண்டு. ஈரம் முற்றும் காயாத பருவத்தில், சிறு சிறு பகுதிகளாகப் புல்லை எரிப்பது அவர்கள் வழக்கம். வெள்ளையர் குடியேறி அவர்களை நிலத்தைவிட்டு அகற்றியபின் பல இடங்களில் இவ்வழக்கம் நின்றது. விளைவு? மழைக்காட்டுச் செடிகள் திறந்த காட்டினுள் புகுந்து நிழல் பரப்பின, புல் குறைந்தது, வடக்கு பெட்டாங் என்னும் சிறு கங்காரு போன்ற விலங்கின் உறைவிடம் சுருங்கியது. இவ்விலங்கு மண்ணுக்கடியில் விளையும் பூஞ்சைகளைத் தின்று அவற்றின் வித்துகளைப் பரப்புகிறது. அப்பூஞ்சைகளோ மரவேர்கள் நீரும் சத்தும் பெற உதவுகின்றன. ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலியே தளர்கிறது அல்லவா?

சட்டம் மெல்லவே விழித்தது. குடியேற்றத்துக்கு முன் அந்நிலம் யாருக்கும் உரியதன்று என்ற கொள்கையை, எடி மாபோ தொடுத்த வழக்கில் 1992-இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் தள்ளியது. 2021 செப்டம்பரில் டெயின்ட்ரீ, ங்கல்பா-புலால், கல்கஜாகா, ஹோப் தீவுகள் ஆகிய நான்கு தேசியப் பூங்காக்களின் நிலம், 1,60,000 ஹெக்டேருக்கு மேல், பாமா மக்களுள் ஒரு பிரிவினரான கிழக்குக் குக்கு யலாஞ்சி மக்களுக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. அவை பூங்காக்களாகவே நீடிக்கின்றன. எந்தப் பகுதியை எப்போது எரிப்பது, காட்டுப்பன்றியையும் களையையும் எவ்வாறு ஒடுக்குவது, சுற்றுலாப் பயணியர் எங்குச் செல்லலாம் என்பன போன்ற நிர்வாகப் பொறுப்புகளை இனி அரசு மட்டும் சுமக்கவில்லை, அம்மக்களும் பங்கேற்கின்றனர்.

நிலத்தைத் திருப்பித் தருவது ஒரு கையெழுத்தில் முடியும். அறிவு அப்படியன்று. எந்தப் புல் எப்போது காயும் என்பதைப் பேரனுக்குச் சொல்லாமல் ஒரு பாட்டனார் மறைந்தால், அதை எந்தச் சோதனைச்சாலை மீட்டுத் தரும்? எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஏட்டில் ஏறாத அறிவும் அறிவியலே என்பதை அம்மழைக்காடுகள் எனக்குக் கற்பிக்கின்றன. நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது புத்தகத்தோடு ஒரு வெற்றேட்டையும் எடுத்துச் செல்வோம். பெரியோர் சொல்லக் கேட்டு எழுதுவோம்.